மொட்டை மாடியில் அரை மணி நேரம்: சும்மா இருப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சி உறையூரில் எங்கள் மாவுக்கடைக்கு மேலே இருக்கும் மொட்டை மாடியில், ஞாயிறு மாலை ஐந்தரை முதல் ஆறு வரை ஏழெட்டுப் பேர் சும்மா உட்காருகிறோம். நாலு வருடமாக நடக்கிறது. குரு கிடையாது, கட்டணம் கிடையாது, இதற்கு ஒரு பெயர்கூட வைக்கவில்லை. மாவு வாங்க வருகிறவர்கள் கல்லாவுக்கு எதிரே நின்றபடி கேட்டவை, சொந்தக்காரர்கள் போனில் கேட்டவை, மாடிக்கு வந்து போனவர்கள் டீ குடிக்கும்போது கேட்டவை என்று கேள்விகள் சேர்ந்துவிட்டன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்ததால் இங்கே எழுதிவைக்கிறேன். நான் தத்துவம் படித்தவள் இல்லை, உளுந்து அரைக்கிறவள். அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

சும்மா இருப்பது என்றால் சரியாக என்னதான் செய்வீர்கள்?

பாயை விரித்து உட்காருவோம். முட்டி வலி இருப்பவர்களுக்கு நாற்காலி உண்டு. கண்ணை மூடத்தான் வேண்டும் என்று இல்லை. பேசக் கூடாது, போனைத் தொடக் கூடாது, இந்த இரண்டுதான் விதி. கிழக்கே மலைக்கோட்டை தெரியும். கீழே ஆட்டோ ஹாரன், பக்கத்து வீட்டு குக்கர் விசில், எங்கோ ஒரு கோயில் மைக் எல்லாம் கேட்கும். கேட்டுக்கொண்டு இருப்போம். ஆறு மணிக்கு யாராவது ஒருவர் எழுந்து போய் டீ போடுவார். அவ்வளவுதான்.

‘சும்மா’ என்கிற சொல்லே ஒரு வேடிக்கை. காசில்லாமல் கிடைத்தால் சும்மா கிடைத்தது. காரணம் இல்லாமல் வந்தால் சும்மா வந்தேன். விளையாட்டுக்குச் சொன்னால் சும்மா சொன்னேன். தொந்தரவு பண்ணினால், ஏன் சும்மா சும்மா கூப்பிடுகிறாய். இப்படிக் கடைத்தெருவில் புழங்குகிற சொல்லைத்தான் அருணகிரிநாதரும் கந்தர் அநுபூதியில் எடுத்துக்கொண்டார்: முருகன் தன்னிடம் ‘சும்மா இரு, சொல் அற’ என்று சொன்னதாகப் பாடுகிறார். அத்தனை பெரிய விஷயத்துக்கு அவர் வேறு பெரிய சொல் எதையும் தேடவில்லை என்பதில் எனக்கு ஒரு ஆறுதல்.

இது சோம்பேறித்தனம் இல்லையா?

எங்கள் மாமனார் கேட்ட முதல் கேள்வி இதுதான். அவர் எழுபத்தெட்டு வயதிலும் அதிகாலை நாலரைக்கு எழுந்து வாசல் தெளிக்கிறவர். அவரிடம் ‘இல்லை மாமா’ என்று வெறுமனே சொல்லித் தப்பிக்க முடியாது. அதனால் குறளைக் காட்டினேன்.

‘தூங்குக தூங்கிச் செயற்பால தூங்கற்க
தூங்காது செய்யும் வினை.’

வினைசெயல்வகை அதிகாரத்தில் வருகிறது, 672-ஆவது குறள். இங்கே தூங்குவது என்றால் உறங்குவது இல்லை, காலம் தாழ்த்துவது. பழைய தமிழில் தூங்குவது என்றால் தொங்குவது, ஆடுவது. தூங்கணாங்குருவிக்கு அந்தப் பெயர் வந்தது அதன் கூடு தொங்குவதால்தான், அது தூங்குமூஞ்சி என்பதால் இல்லை. ஆறப்போட்டுச் செய்ய வேண்டியதை ஆறப்போடு, ஆறப்போடக் கூடாததை ஆறப்போடாதே என்கிறார் வள்ளுவர். சோம்பலைக் கண்டிக்க மடியின்மை என்று தனியாக ஒரு அதிகாரமே எழுதியவர்தான் இதையும் சொல்கிறார். அப்படியென்றால் இரண்டும் வேறு வேறு என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. சோம்பேறி, செய்ய வேண்டிய வேலையைத் தள்ளிப்போடுகிறவன். நாங்கள் மாடியில் தள்ளிப்போடுவது, அந்த அரை மணிக்குள் செய்ய வேண்டிய அவசியமே இல்லாத வேலைகளை.

மாமனார் ‘வள்ளுவர் சரி, நீ சொல்வது சரியா என்று பார்க்கலாம்’ என்றார். இப்போது வாரம் தவறாமல் வருகிறார். பாதி நேரம் உறங்கிவிடுகிறார், அது வேறு கதை.

எதை ஆறப்போடலாம், எதை உடனே செய்ய வேண்டும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இந்தக் கேள்விக்கு எனக்கு மாவுதான் பதில் சொல்லிக்கொடுத்தது.

இட்லி அரிசி நாலு பங்கு, உளுந்து ஒரு பங்கு, ஒரு கை வெந்தயம். நாலு மணி நேரம் ஊற வேண்டும். அந்த நாலு மணி நேரத்தில் நாம் செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை. அடுத்து உளுந்து அரைபடும் அரை மணி நேரம் இருக்கிறதே, அப்போது கிரைண்டரை விட்டு ஒரு அடி நகரக் கூடாது. குளிர்ந்த தண்ணீரைக் கையால் தெளித்துத் தெளித்து விட வேண்டும். ஓரத்தில் ஒட்டுவதை உள்ளே தள்ள வேண்டும். ஒரு துளி மாவை எடுத்துத் தண்ணீரில் விட்டால் மிதக்க வேண்டும். மூழ்கினால் இன்னும் அரைபட வேண்டும் என்று பொருள். அரிசி மாவையும் உப்பையும் சேர்த்துக் கையால் கலந்து மூடிவைத்த பிறகு, மறுபடி நமக்கு வேலை இல்லை. சித்திரையில் எட்டு மணி நேரம், மார்கழியில் பன்னிரண்டுக்கும் மேல். உள்ளே கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அவற்றின் வேலையைச் செய்து காற்றை உண்டாக்குகின்றன. உளுந்தின் வழவழப்பு அந்தக் காற்றைப் பிடித்துவைத்துக்கொள்கிறது, மாவு எழும்புகிறது. நாம் செய்யும் உதவி, திறக்காமல் இருப்பது.

இது தெரிந்திருந்தும் நான் ஒரு தடவை கெடுத்தேன். ஐப்பசி மாதம், அடைமழை. ஒரு கல்யாண வீட்டுக்கு விடியற்காலை ஐந்து மணிக்கு நாற்பது கிலோ மாவு கொடுக்க வேண்டும். இரவு பதினொரு மணிக்கும் மாவு எழவே இல்லை. எனக்கு நிலைகொள்ளவில்லை. பாத்திரங்களை அடுப்புக்குப் பக்கத்தில் நகர்த்தினேன். அரை மணிக்கு ஒருமுறை மூடியைத் திறந்து கரண்டியை விட்டுக் கிளறிப் பார்த்தேன். விடிந்தபோது அடுப்பை ஒட்டி இருந்த இரண்டு பாத்திரமும் பொங்கி வழிந்து, மூக்கைத் துளைக்கும் புளிப்பு. தள்ளி இருந்த பாத்திரங்களில் நான் கிளறிய கிளறலில் காற்றெல்லாம் போய் மாவு சப்பென்று கிடந்தது. அந்த இட்லியைத் தரையில் போட்டால் சத்தம் கேட்கும். பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். பேர் கெட்டது, அதைத் திருப்ப ஒரு வருடம் ஆனது. ஒன்றுமே செய்யாமல் தூங்கப் போயிருந்தால் மாவு கொஞ்சம் புளிப்புக் குறைவாக இருந்திருக்கும், அவ்வளவுதான்.

அன்று நான் வேலை செய்யவில்லை, பதற்றத்தைத்தான் செய்தேன். நிறைய வீடுகளிலும் அலுவலகங்களிலும் வேலை என்ற பெயரில் நடப்பதில் பாதி இந்த மூடி திறந்து பார்க்கும் வேலைதான் என்று தோன்றுகிறது. அனுப்பிய விண்ணப்பத்துக்குப் பதில் வந்ததா என்று மணிக்கு நாலு தடவை பார்ப்பது. பெண் பார்த்துவிட்டுப் போனவர்களுக்கு மறுநாளே போன் போடுவது. ஆறுகிற புண்ணைப் பிய்த்துப் பார்ப்பது.

எங்கள் அப்பா லால்குடிப் பக்கம் விவசாயம் பார்த்தவர். ‘கோடை உழவு கோடி நன்மை’ என்பார். கோடை மழை பெய்ததும் உழுது, கட்டிகளைப் புரட்டி, அப்படியே வெயிலில் போட்டுவிடுவார். களை வேர் காயும், மண்ணுக்குள் இருக்கும் கூட்டுப்புழு மேலே வந்து கொக்குக்கும் மைனாவுக்கும் தீனியாகும். திருக்குறளில் உழவு அதிகாரத்தில் இதற்கு அளவே கொடுத்திருக்கிறது: ‘தொடிப்புழுதி கஃசா உணக்கின்’. ஒரு பலம் புழுதி கால் பலம் ஆகும் அளவுக்குக் காயவிட்டால், ஒரு பிடி எரு போடாமலே நன்றாக விளையும் என்கிறார். இதைப் படிக்கிற எல்லோரும் காயவிடுவதை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். முதலில் உழ வேண்டும். உழாத நிலம் கிடந்தால் அது தரிசு.

எதை ஆறப்போடுவது என்று கேட்டீர்கள். என் கைக்கு இன்னும் வேலை இருக்கிறதா, இனி அது தானாக ஆக வேண்டியதா என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். உளுந்து அரைபடும்போது இருக்கிறீர்களா, மூடிவைத்த பிறகு இருக்கிறீர்களா? பெரும்பாலும் பதில் தெரிந்துவிடும்.

கொக்கு மாதிரி காத்திருந்தால் வாய்ப்பு கைநழுவிப் போய்விடாதா?

கொக்கைச் சரியாகப் பார்த்தவர்கள் இப்படிக் கேட்க மாட்டார்கள். ‘கொக்கொக்க கூம்பும் பருவத்து மற்றதன் குத்தொக்க சீர்த்த இடத்து.’ காலமறிதல் அதிகாரத்தின் கடைசிக் குறள். எல்லோருக்கும் முதல் பாதி ஞாபகம் இருக்கிறது. இரண்டாவது பாதி அந்தக் குத்து. காவிரிக்கரையில் நின்று பாருங்கள், ஒரு கொக்கு கால் மணி நேரம் அசையாது. மீன் வரும் நேரத்தில் அதன் அலகு போய் வருவது நம் கண்ணுக்குச் சிக்காது. அசையாமல் நிற்பதும் அதற்கு மீன்பிடிப்பில் ஒரு பகுதிதான்.

பத்து நிமிடம்கூட என்னால் உட்கார முடியவில்லை. எனக்கு மட்டும்தான் இப்படியா?

இல்லவே இல்லை. அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் டிமோதி வில்சன் குழுவினர் ஒரு சோதனை செய்து 2014-இல் வெளியிட்டார்கள். ஒரு அறையில் பதினைந்து நிமிடம் தனியாக உட்கார வேண்டும், கையில் எதுவும் இருக்காது. ஒரு பொத்தான் மட்டும் உண்டு, அதை அழுத்தினால் லேசாக ஷாக் அடிக்கும். முன்பே அந்த ஷாக்கை வாங்கிப் பார்த்து, ‘இது வேண்டாம், காசு கொடுத்தாவது தவிர்ப்பேன்’ என்று சொன்னவர்கள்தான் கணக்கில். உட்கார்ந்த 18 ஆண்களில் 12 பேரும், 24 பெண்களில் 6 பேரும் பொத்தானை அழுத்திவிட்டார்கள். சும்மா இருப்பதைவிட ஷாக் தேவலாம் என்றாகிவிட்டது.

சிரிப்பாக இருக்கிறது இல்லையா? இதே ஊரில் நாயக்கர் அரண்மனையில் கணக்குப் பார்த்ததாகச் சொல்லப்படும் தாயுமானவர், பதினெட்டாம் நூற்றாண்டிலேயே இந்தச் சோதனையின் முடிவைப் பாடிவைத்துவிட்டார். மதம் பிடித்த யானையை வசப்படுத்தலாம், கரடி புலி வாயைக் கட்டலாம், சிங்கத்தின் முதுகில் ஏறலாம், பாம்பை எடுத்து ஆட்டலாம், தண்ணீர் மேல் நடக்கலாம் என்று அடுக்கிக்கொண்டே போய், கடைசியில் ‘சிந்தையை அடக்கியே சும்மா இருக்கின்ற திறம் அரிது’ என்று முடிக்கிறார். அவருக்கு மௌனகுரு சொன்ன உபதேசமும் ‘சும்மா இரு’ என்பதுதான். அவருக்கே அரிது என்றால் நீங்கள் பத்து நிமிடத்தில் நெளிவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

மூன்று நிமிடத்தில் ஆரம்பியுங்கள். பால் பொங்கும் நேரம். அடுப்பு முன்னால் நின்று பாலை மட்டும் பாருங்கள். இது தியானமும் ஆகும், பாலும் வழியாது.

போன் பார்ப்பதும் ஓய்வுதானே?

கட்டைவிரல் ஓடிக்கொண்டே இருக்கிறது, கண் ஓடிக்கொண்டே இருக்கிறது. இடுப்பு மட்டும் உட்கார்ந்திருக்கிறது. இடுப்புக்கு ஓய்வு, சரி.

வேலை செய்துகொண்டே சும்மா இருக்க முடியுமா?

முடியும் என்று நான் நம்புவதற்குக் காரணம், திருவண்ணாமலையில் கேள்விப்பட்ட ஒரு கம்பின் கதை.

ரமண மகரிஷி 1896 செப்டம்பர் 1 அன்று, பதினாறு வயதில், திருவண்ணாமலைக்கு வந்தார். 1950 ஏப்ரல் 14 அன்று உடலை விடும்வரை அந்த மலையை விட்டு எங்கும் போகவில்லை. மௌனத்துக்குப் பேர்போனவர். ஆனால் மலையடிவாரத்தில் ஆசிரமம் வளர்ந்த காலத்தில், விடிவதற்கு முன்பே எழுந்து சமையலறையில் உட்கார்ந்து காய் நறுக்குவாராம். இலை தைத்திருக்கிறார், கிழிந்த புத்தகங்களுக்கு அட்டை கட்டியிருக்கிறார், அச்சுக்குப் போகும் தாள்களைத் திருத்தியிருக்கிறார். தரையில் சிந்திய அரிசியைக் கண்டால் ஒவ்வொரு மணியாகப் பொறுக்குவார். வந்தவர்கள் தூணோரம் உட்கார்ந்திருக்கும் ஒரு சாமியாரைப் பார்க்க வந்து, ஒரு சமையல்காரரையும் பார்த்துவிட்டுப் போனார்கள்.

கம்பின் கதைக்கு வருகிறேன். பலனை எதிர்பார்க்காமல் செயல் செய்வது எப்படி என்று ஒருவர் அவரிடம் கேட்டார். அவர் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மலை மேல் நடக்கக் கிளம்பினார், கேட்டவரும் கூடப் போனார். வழியில் ஒரு முள்கம்பு கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு ஓரிடத்தில் உட்கார்ந்தார். முள்ளை ஒவ்வொன்றாகச் சீவினார். கணுக்களைத் தேய்த்துச் சமமாக்கினார். சொரசொரப்பான இலையைக் கொண்டு கம்பு முழுவதையும் மெருகேற்றினார். ஏறக்குறைய ஆறு மணி நேரம். இந்த முள்கம்பு இவ்வளவு அழகான கைத்தடியாகிவிட்டதே என்று கூட இருந்தவர்களுக்கு ஆச்சரியம். திரும்பி வரும்போது ஒரு ஆடு மேய்க்கும் பையன் எதிரே வந்தான். கம்பைத் தொலைத்துவிட்டு வாடிப்போய் நின்றான். ரமணர் கையில் இருந்ததை அவனிடம் கொடுத்துவிட்டு நடந்துவிட்டார். கேள்வி கேட்டவர், தனக்குப் பதில் கிடைத்துவிட்டது என்றார்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் கம்பைக் கொடுத்த இடத்தில் நெகிழ்வார்கள். எனக்கு அந்த ஆறு மணி நேரம்தான் பிடிக்கும். யாருக்கு என்று தெரியாத கம்பு. அவசரம் கிடையாது, அலட்சியமும் கிடையாது. கணுவைத் தேய்க்கும்போது கணு. கை ஓடிக்கொண்டே இருக்கிறது, ஆள் எங்கும் ஓடவில்லை. என் நிலைமை பெரும்பாலும் தலைகீழ்: கை கல்லாவில் சும்மா கிடக்கும், மனம் அடுத்த மாத வாடகைக்கும் மகளின் பீஸுக்கும் ஓடிக்கொண்டு இருக்கும். அலைச்சல் கைகாலில் இல்லை என்று அப்போதுதான் தெரிகிறது.

ஆனாலும் சில நாள், உளுந்து அரைக்கும்போது, தண்ணீர் தெளிக்கிற கையை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்பேன். அரை மணி போனதே தெரியாது. அந்த நாள் மாவும் நன்றாகத்தான் வரும். நன்றாக வந்ததால் அப்படிச் சொல்கிறேனோ என்னவோ.

அக்கா, நீங்கள் சொல்வதெல்லாம் சரி. எனக்கு வீட்டு வேலை முடிவதே இல்லை. நான் எங்கே சும்மா உட்காருவது?

கேட்டவள் இரண்டு தெரு தள்ளி இருக்கிற ஒரு பெண். காலையில் சமையல், இரண்டு பிள்ளைகள், மாமியாருக்குச் சர்க்கரை ஊசி, பத்து மணி முதல் ஆறு மணி வரை வேலை, திரும்பி வந்து மறுபடி அடுப்பு. எங்கள் கடை மாவை வாங்குவதால்தான் நாளுக்கு ஒரு மணி நேரம் மிச்சம் என்பாள். அவளிடம் போய் ‘வேலையையே தியானமாகச் செய்’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ரமணர் காய் நறுக்கினார் என்றால் அது அவர் தேர்ந்தெடுத்தது. அவர் நறுக்கவில்லை என்றால் யாரும் அவரிடம் ‘இன்னைக்கு சாப்பாடு இல்லையா’ என்று கேட்டிருக்க மாட்டார்கள். அந்தக் கதையை எடுத்துவந்து பெண்களை அடுப்படியிலேயே உட்காரவைக்கப் பயன்படுத்தினால், அதைப்போல ஏமாற்று வேறு கிடையாது.

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-இல் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது, இந்தியர்கள் நாளை எப்படிச் செலவழிக்கிறார்கள் என்று. சம்பளம் இல்லாத வீட்டு வேலைக்கு, அதைச் செய்யும் பெண்கள் அப்போது நாளுக்குச் சராசரியாக 299 நிமிடம் கொடுத்தார்கள். செய்யும் ஆண்கள் 97 நிமிடம். செய்யும் ஆண்கள் என்பதைக் கவனியுங்கள், செய்யாதவர்கள் இந்தச் சராசரியிலேயே இல்லை. திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்து ‘மனசு அமைதியாக இருந்தால் எல்லாம் அமைதிதான்’ என்று ஒருவர் சொல்ல முடிகிறது என்றால், உள்ளே யாரோ ஒருத்தி நின்றுகொண்டு இருக்கிறாள்.

அதனால் அவளுக்கு நான் சொன்னது சும்மா இருக்கும் வழி அல்ல, வேலையைப் பிரிக்கும் வழி. எங்கள் வீட்டில் ஞாயிறு நாலு மணி முதல் ஏழு மணி வரை அடுப்படி என் வீட்டுக்காரர் பொறுப்பு. ‘உதவி’ இல்லை, பொறுப்பு. உப்பு எங்கே இருக்கிறது என்று என்னைக் கூப்பிட்டுக் கேட்கக் கூடாது. முதல் மூன்று வாரம் ரசம் மட்டும்தான். நாலாவது வாரம் கத்தரிக்காய் வதக்கல், அடிப்பிடித்த வாசனை மாடி வரைக்கும் வந்தது. எழுந்து ஓடலாம் போல இருந்தது. அந்த அரை மணி நேரத்தில் நான் செய்த பெரிய சாதனை, எழுந்து ஓடாதது. இப்போது அவர் வைக்கும் புளிக்குழம்பு என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது என்று மகள் சொல்கிறாள். சொல்லட்டும்.

அந்தப் பெண் வீட்டில் இவ்வளவு சுலபமாக நடக்கவில்லை. கணவர் சிரித்துவிட்டாராம். அவள் மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும் வருகிறாள், மாமியாரையும் கூட்டிக்கொண்டு. ‘அத்தை தனியாக இருக்க முடியாது’ என்று சொல்லிவிட்டு வருவது சுலபமாம். மாமியாருக்கு எங்கள் மாடிக் காற்று பிடித்துவிட்டது.

நான் துணிக்கடையில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறேன். எனக்கு உட்காருவதே கனவு. என்ன சொல்கிறீர்கள்?

உட்காருங்கள் என்கிறேன், அது இப்போது உங்கள் உரிமை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தை 2021-இல் திருத்தினார்கள். கடையில் வேலை செய்கிற ஒவ்வொருவருக்கும் உட்கார இடம் இருக்க வேண்டும், வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார முடிய வேண்டும், நாள் முழுக்க நிற்கவைக்கக் கூடாது என்று சட்டத்திலேயே சேர்த்திருக்கிறது. கேரளத்தில் 2018-இலேயே இதைக் கொண்டுவந்தார்கள், அதுவும் கடைகளில் வேலை பார்த்த பெண்கள் போராடியதால். சட்டம் வந்த பிறகும் பல கடைகளில் ஸ்டூல் ஓரமாகக் கிடக்கும், யாரும் உட்கார மாட்டார்கள், மேற்பார்வையாளர் முறைப்பார். அது எனக்குத் தெரியும். தனியாக உட்கார்ந்தால் திட்டு விழும், நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் அது வழக்கமாகும்.

ஓய்வு என்பது மனப்பக்குவம் மட்டும் இல்லை, மணிக்கணக்கு. 1923 மே 1 அன்று சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடினார், இந்தியாவிலேயே முதல் முறையாக. அதன் நூறாவது ஆண்டில், 2023 ஏப்ரலில், தொழிற்சாலைகளில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்பியதும், மே தினத்தன்று, அதைத் திரும்பப் பெறுவதாக முதலமைச்சரே அறிவித்தார். உடம்புக்கு நேரம் கிடைக்காத இடத்தில் மனதை மட்டும் நிறுத்திக்கொள்ளச் சொல்வது, வெறும் வயிற்றுக்காரனிடம் மெதுவாக மென்று சாப்பிடு என்பது மாதிரி.

பகலில் தூங்கலாமா?

பதினைந்து இருபது நிமிடம் போடுங்கள், தப்பில்லை. ஒரு மணி நேரம் போட்டால் எழும்போது தலை கனக்கும், இரவுத் தூக்கமும் போகும். மாவுக்கடைக்காரர்கள் அதிகாலையில் எழுகிறவர்கள், எங்களுக்கு இது இல்லாமல் முடியாது.

நாங்கள் வேறு மதம். வரலாமா?

தாராளமாக. இங்கே விளக்கு ஏற்றுவதில்லை, மந்திரம் சொல்வதில்லை. காலையில் சர்ச்சுக்குப் போய்விட்டு மாலையில் இங்கே வருகிற டீச்சர் ஒருவர் இருக்கிறார். ஞாயிறு வேலை செய்யாத வழக்கம் அவர்கள் வீட்டில் தலைமுறையாக இருக்கிறது, எனக்கே அவரைப் பார்த்துத்தான் வாரத்தில் ஒரு நாள் கடையைச் சீக்கிரம் மூடும் தைரியம் வந்தது. நத்தர்ஷா பள்ளிவாசல் பக்கத்திலிருந்து ஒரு பாய் வருவார். ஐந்து வேளையும் கையில் இருப்பதை வைத்துவிட்டு எழுந்து போகிறவருக்கு நாங்கள் சொல்லிக்கொடுக்க என்ன இருக்கிறது?

சும்மா உட்கார்ந்தால் எனக்குப் பயமும் அழுகையும்தான் வருகிறது.

அப்படியென்றால் உட்காராதீர்கள். இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சிலருக்கு வெளிச்சத்தம் அடங்கியதும் உள்ளே இருக்கும் துக்கம் பெரிதாகக் கேட்கும். வீட்டில் சாவு நடந்து கொஞ்ச நாளே ஆனவர்கள், தூக்கமே வராதவர்கள், எதிலும் பிடிப்பு விட்டுப்போனவர்கள் அரை மணி நேரம் அசையாமல் உட்கார்வதால் நன்மை வராமலும் போகலாம். அவர்களை நான் கடையில் என்னோடு நிற்கச் சொல்வேன், வெங்காயம் உரிக்கச் சொல்வேன், காவிரிப் பாலத்தில் அவர்களோடு நடப்பேன். கைக்கு வேலை கொடுப்பதே அப்போது ஓய்வு. ரொம்ப நாள் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலிமானஸ் எண் 14416, எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள். மொட்டை மாடி மருத்துவமனை இல்லை.

பிள்ளைகள் ‘போரடிக்குது’ என்று பிடுங்குகிறார்களே?

அடிக்கட்டும். போரடித்த பிள்ளை பத்து நிமிடம் சுற்றிச் சுற்றி வரும், அப்புறம் ஏதாவது ஒன்றைக் கண்டுபிடிக்கும். எங்கள் தங்கை மகன் கிரைண்டர் கல் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே இருந்து, அது எந்தப் பக்கம் சுற்றுகிறது, ஏன் எதிர்ப்பக்கம் சுற்றக் கூடாது என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. இருபது வருடமாக நான் அதைப் பார்த்தும் கேட்காத கேள்வி.

நானும் வரலாமா? என்ன கொண்டுவர வேண்டும்?

பாய் நாங்கள் தருகிறோம். டீக்குப் பால் தட்டுப்பாடு, அதனால் அரை லிட்டர் பாக்கெட் கொண்டுவருகிறவர்களுக்குச் சிறப்பு வரவேற்பு உண்டு. போனைக் கீழே கல்லாவில் ஒரு எவர்சில்வர் சம்படத்தில் போட்டுவிட்டு ஏற வேண்டும். மழை வந்தால் கடைக்குள் மாவுப் பாத்திரங்களுக்கு நடுவில் உட்காருவோம், அது ஒரு தனிச் சுகம்.

பங்குனி, சித்திரையில் மாடியில் பாதி இடத்தைக் கூழ்வற்றல் பிடித்துக்கொள்ளும். நெருக்கி உட்கார வேண்டியிருக்கும். போன வருடம் புதிதாக வந்த ஒருவர், உட்கார்ந்திருக்கும்போது காக்கை வந்து வற்றலைக் கொத்தினால் விரட்டலாமா, கூடாதா என்று கேட்டார். விரட்டலாம். பேசாமல் விரட்ட வேண்டும்.